ஒரே சொல், வேற வேலை

தரவுத்தளத்தை பெக்கப் எடுக்கிற கருவிகளில் ‘கொம்பிரஸ்’ என்றொரு ஒப்ஷன் இருக்கும். பெயரைப் பார்த்தால் பைலைச் சுருக்கித் தரும் என்றுதான் நாங்கள் நினைப்போம். போஸ்ட்கிரெஸின் பிஜி-டம்ப் அப்படித்தான் செய்கிறது. ஆனால் மைஎஸ்கியூஎல்-டம்பில் அதே சொல், சேர்வருக்கும் எங்கட கணினிக்கும் இடையில் நெட்வேர்க்கில் போகும் தரவை மட்டும் சுருக்கும். டிஸ்க்கில் விழும் பைல் முழுப் பருமனில்தான் கிடக்கும். நடுச்சாமத்தில் டிஸ்க் நிரம்பி பெக்கப் பாதியில் நின்றால், பெயரை நம்பின ஆள்தான் பாவம்.

போஸ்ட்கிரெஸ் வீட்டுக்குள்ளும் குழப்பம் இருந்தது. 1992இல் வந்த ஜிஸிப்தான் கனகாலம் வழக்கமான சுருக்கும் முறை. ஒரே முறைதான் என்றால் அதற்குப் பெயர் எதற்கு? எவ்வளவு இறுக்கமாகச் சுருக்குவது என்று 1 முதல் 9 வரை ஒரு எண் போதும். ஆகவே பிஜி-டம்பில் பெரிய இசட், அதன் பின்னால் எண். 2011இல் 9.1 பதிப்போடு வந்த பிஜி-பேஸ்பெக்கப்பும் அதையே எடுத்தது. கூடவே ஜிஸிப்பைச் சும்மா இயக்க ஒரு சின்ன இசட். (‘டார்’ கட்டளையில் பெரிய இசட் என்றால் ஜிஸிப்புக்கு முந்தின இன்னொரு நிரல். அது வேற தலையிடி.)

பிறகு யான் கொலே 2011இல் எல்இசட்4ஐ வெளியிட்டார். 2016இல் அவருடைய இஸட்-ஸ்டாண்டர்டை பேஸ்புக் வெளியிட்டது. அதன் நிலைகள் 22 வரை போகும். இனி வெறும் ‘9’ என்று சொன்னால் எந்த முறையில் ஒன்பது?

15ஆம் பதிப்பு தயாராகும்போது, மாற்றப் பதிவுகளைச் சேமிக்கும் பிஜி-ரிசீவ்வாலுக்கு முறையைச் சொல்லத் தனி ஒப்ஷன் ஒன்றைச் சேர்த்தார்கள். பேஸ்பெக்கப்போ ‘கொம்பிரஸ்’ என்பதற்குள்ளேயே முறை, முக்காற்புள்ளி, நிலை என்று எழுதும் வழியில் போனது. சுருக்குவது சேர்வரா, எங்கட பக்கமா என்பதையும் அங்கேயே சொல்லலாம். அப்படியே விட்டிருந்தால் ஒரே வீட்டில் இரண்டு பாஷை. நல்லவேளை, 2022 ஒக்டோபரில் வெளிவருமுன் அந்தத் தனி ஒப்ஷனைத் தூக்கிவிட்டு, ரிசீவ்வாலையும் அதே வழிக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருசம் 16ஆம் பதிப்பில் பிஜி-டம்பும் சேர்ந்தது.

எங்களுக்குப் பிடித்தது இன்னொன்று. வெறும் எண் கொடுத்தால் இப்பவும் அது ஜிஸிப்தான். 0 என்றால் சுருக்காதே. எப்பவோ வேலையை விட்டுப் போனவர் எழுதிவைத்த ஸ்கிரிப்டும் அதே பைலைத்தான் தரும்.

மைஎஸ்கியூஎல் 2019இல், 8.0.18 பதிப்பில், தன் ‘கொம்பிரஸ்’ ஒப்ஷனைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பதிலுக்கு வந்த ஒப்ஷனில் சுருக்கும் முறைகளின் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் அதுவும் நெட்வேர்க்குக்குத்தான். பைல் சுருங்க வேண்டுமென்றால் ஜிஸிப் மாதிரி ஒன்றுக்குள் நாங்களே அனுப்ப வேண்டும்.