அணு உறிஞ்சல் நிறமாலையியல்

அணு உறிஞ்சல் நிறமாலையியல் என்பது, ஒரு பொருளில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள உலோகங்களை, அவற்றின் அணுக்கள் உறிஞ்சும் ஒளியின் அளவைக் கொண்டு கணிக்கும் வேதிப் பகுப்பாய்வு முறையாகும். குடிநீர், இரத்தம், மண், உணவு ஆகியவற்றில் உள்ள ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சுத் தனிமங்களை அளப்பதற்கு இம்முறை பரவலாகப் பயன்படுகின்றது. இதனை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஆலன் வால்ஷ் (1916–1998) உருவாக்கினார்.

அடிப்படை

ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழும். அதே அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சவும் செய்யும். எடுத்துக்காட்டாகச் சோடியம் 589.0 நானோமீட்டரிலும், செம்பு 324.8 நானோமீட்டரிலும், பாதரசம் 253.7 நானோமீட்டரிலும் ஒளியை உறிஞ்சுகின்றன. சூரிய ஒளியின் நிறமாலையில் காணப்படும் கருங்கோடுகளுக்கு இதுவே காரணம் என்பதை 1859 இல் கிர்க்காஃப் விளக்கினார். எனினும் அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வேதியியலாளர்கள் உமிழப்படும் ஒளியை வைத்தே உலோகங்களை அளந்து வந்தனர்.

அதில் ஒரு பெரிய குறை இருந்தது. சுடரில் உள்ள அணுக்களில் மிகச் சிலவே கிளர்ச்சியுற்று ஒளி உமிழும் நிலையை அடைகின்றன. 2000 கெல்வினில் சோடிய அணுக்களில் சுமார் ஒரு இலட்சத்துக்கு ஒன்றும், 3000 கெல்வினில் துத்தநாக அணுக்களில் ஆயிரம் கோடிக்கு ஐந்தாறும் மட்டுமே அந்நிலையில் இருக்கும். வெப்பநிலை சிறிது மாறினாலும் இவ்வெண்ணிக்கை பெரிதும் மாறிவிடும். எஞ்சிய அணுக்கள் யாவும் ஒளியை உறிஞ்சக் காத்திருக்கும் தாழ்நிலையிலேயே உள்ளன. இவ்வளவு எளிய உண்மை நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்தது வியப்புக்குரியது.

வரலாறு

மெல்பேர்ண் நகரில் பொதுநலவாய அறிவியல் தொழில்துறை ஆய்வு அமைப்பில் பணியாற்றிய வால்ஷுக்கு, 1952 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, உமிழ்வுக்கு மாறாக உறிஞ்சலை அளக்கலாம் என்ற எண்ணம் தோன்றியது. உறிஞ்சற் கோடுகள் மிகக் குறுகியவை என்பதால், சாதாரண விளக்கொளியைப் பிரித்து அவற்றை அளக்க இயலாது. அளக்க வேண்டிய உலோகத்தையே எதிர்மின்வாயாகக் கொண்ட விளக்கைப் பயன்படுத்தி அவர் இச்சிக்கலைத் தீர்த்தார். ஈயத்தை அளக்க ஈய விளக்கு, செம்பை அளக்கச் செம்பு விளக்கு. சுடர் தானாக உமிழும் ஒளி கணக்கில் சேராதிருக்க, விளக்கின் ஒளி துடிப்புகளாக அனுப்பப்பட்டது.

1954 இல் மெல்பேர்ணில் காட்சிக்கு வைக்கப்பட்ட முதற் கருவியைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. வால்ஷின் ஆய்வுக் கட்டுரை 1955 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் அல்கமேட், மிலாட்ஸ் ஆகியோரும் இக்கருத்தைத் தனித்து வெளியிட்டனர். பின்னர் சோவியத் அறிவியலாளர் லுவோவ் சுடருக்குப் பதிலாகக் கிராபைட்டு உலையைப் பயன்படுத்தினார். 1965 இல் வில்லிஸ் அறிமுகப்படுத்திய நைட்ரசு ஆக்சைடு–அசிட்டிலீன் சுடர், அலுமினியம் போன்று எளிதில் அணுக்களாகப் பிரியாத தனிமங்களையும் அளக்க வழிசெய்தது.

பொது நலவாழ்வில்

குழந்தைகளின் இரத்தத்திலுள்ள ஈயத்தை அளப்பதில் இம்முறையின் பங்கு குறிப்பிடத்தக்கது. டைத்திசோன் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு நிறத்தால் அளக்கும் பழைய முறைக்குப் பல மில்லிலீட்டர் இரத்தம் தேவைப்பட்டது. சிறு குழந்தைகளிடம் அவ்வளவு எடுப்பது எளிதன்று. 1970 இல் பிரித்தானிய ஆய்வாளர் டெல்வ்ஸ், 10 மைக்ரோலீட்டர் இரத்தத்தைச் சிறிய நிக்கல் கிண்ணத்தில் இட்டுச் சுடரில் காட்டி அளக்கும் முறையை வெளியிட்டார். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளியே போதுமாயிற்று.

அளவிடும் திறன் கூடக்கூட, தீங்கு விளைவிக்கும் அளவு எது என்பதும் மாறியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவலைக்குரியதாகக் கொண்ட அளவு, டெசிலீட்டருக்கு மைக்ரோகிராமில், 1975 இல் 30 ஆகவும், 1985 இல் 25 ஆகவும், 1991 இல் 10 ஆகவும் இருந்தது. 2012 இல் 5 என்றும், 2021 இல் 3.5 என்றும் புதிய ஒப்பீட்டு அளவு வரையறுக்கப்பட்டது. இத்தகைய குறைந்த அளவுகளில் விரலில் ஒட்டிய தூசியே முடிவைப் பொய்யாக்கிவிடும் என்பதால், உயர்ந்த அளவு காட்டினால் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து மீண்டும் சோதிக்கப்படுகின்றது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 இலும், உலகின் கடைசி நாடாக அல்ஜீரியாவில் 2021 இலும் நிறுத்தப்பட்டது.

மேற்கு வங்காளம், வங்காளதேசம் ஆகிய பகுதிகளின் நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக்கை அளக்கவும் இம்முறை உதவுகின்றது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்காளதேசத்தின் வரம்பு 50 மைக்ரோகிராம். பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாவதால் அதற்குச் சுடர் தேவையில்லை. இதற்கான குளிர் ஆவி முறையை 1968 இல் ஹாட்ச், ஓட் ஆகியோர் விவரித்தனர்.

ஆய்வுக்கூடப் பாதுகாப்பு

நஞ்சை அளக்கும் இக்கருவியே கவனக்குறைவாகக் கையாளப்பட்டால் ஆபத்தானது. நைட்ரசு ஆக்சைடு சுடருக்கு 5 சென்டிமீட்டர் நீளமுள்ள எரிவாய் தேவை. காற்று–அசிட்டிலீனுக்குரிய 10 சென்டிமீட்டர் எரிவாயை மாற்றாமல் பயன்படுத்தினால் சுடர் பின்னோக்கிப் பாய்ந்து வெடிக்கும். கழிவுநீர்க் குழாயின் வளைவில் நீர் இல்லாவிடினும் இதே விளைவு ஏற்படலாம். அசிட்டிலீன் செம்புடன் சேர்ந்து வெடிக்கும் சேர்மத்தை உண்டாக்குவதால் செம்புக் குழாய்கள் தவிர்க்கப்படுகின்றன. ஆர்சனிக்கை அளக்கும்போது அது ஆர்சைன் என்னும் கொடிய நச்சு வாயுவாக மாற்றப்படுவதால், புகைபோக்கி இயங்காமல் அச்சோதனையைத் தொடங்கக் கூடாது.

மென்பொருள்

தொடக்கக் கருவிகளில் முள்மானியைப் பார்த்து எழுதி, வரைதாளில் அளவுக்கோடு வரைந்து செறிவு கணிக்கப்பட்டது. பிற்காலக் கருவிகளில் இப்பணியைக் கணினி செய்கின்றது. அறிந்த செறிவுள்ள கரைசல்களுக்குக் கிடைக்கும் அளவுகளை இணைத்து மென்பொருள் ஒரு கோடு வரைகின்றது. செறிவு மிகும்போது இக்கோடு வளைந்துவிடும். உச்சக் கரைசலைத் தாண்டிய மாதிரிக்கும் சில மென்பொருள்கள் ஓர் எண்ணைத் தந்துவிடுகின்றன. அவ்வெண் நம்பத்தக்கதன்று, மாதிரியை நீர்த்து மீண்டும் அளக்க வேண்டும். உப்பு மிகுந்த மாதிரிகளில் புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடித்து, இல்லாத ஈயத்தை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. இதைக் கழிக்க டியூட்டீரியம் விளக்கின் ஒளி இரண்டாவதாகச் செலுத்தப்படுகின்றது.