ராபர்ட் ஹூடினின் கனக்கும் பெட்டி

கனக்கும் பெட்டி என்பது பிரெஞ்சு மாயவித்தைக்காரர் ழான் யூஜின் ராபர்ட் ஹூடின் (1805–1871) பார்வையாளர் ஒருவரை மேடைக்கு அழைத்துச் செய்துகாட்டிய வித்தை. பாரிஸில் வியப்பூட்டும் விளையாட்டாக இருந்த இவ்வித்தை, அல்ஜீரியாவில் காலனிய அரசின் அச்சுறுத்தும் கருவியாக மாறியது. கருவி மாறவில்லை, மேடையேறிய பார்வையாளரை வித்தைக்காரர் நடத்திய முறையே மாறியது.

பாரிஸ் அரங்கு

பிரான்சின் புளுவா நகரில் பிறந்த ஹூடின் கடிகாரத் தொழில் கற்றவர். 1845-இல் பாரிஸின் பலே ரோயால் வளாகத்தில் சிறிய அரங்கு ஒன்றைத் திறந்தார். மந்திரவாதிக்குரிய நீண்ட அங்கியைத் தவிர்த்து, தம் பார்வையாளர்கள் மாலை நிகழ்ச்சிகளுக்கு அணியும் உடையிலேயே மேடையேறினார். தம்மைப் பார்வையாளர்களில் ஒருவராகக் காட்டிக்கொண்டார்.

சிறிய பெட்டி ஒன்றைப் பார்வையாளர் எளிதாகத் தூக்குவார். ஹூடின் சைகை காட்டியதும் அதை அசைக்க முடியாது. பெட்டியின் அடியில் இரும்புத் தகடும், மேடைக்குக் கீழே மின்காந்தமும் இருந்தன. மின்காந்தத்தின் ஆற்றலை அக்காலத்தில் சிலரே அறிந்திருந்தனர். பாரிஸில் இவ்வித்தை பெட்டி கனமாகிவிட்டதாகவே சொல்லப்பட்டது. தூக்க முயன்றவருக்கு அதனால் இழுக்கு நேரவில்லை.

அல்ஜீரியப் பயணம்

பிரான்ஸ் 1830-இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டிய மராபூ எனும் சமயப் பெரியவர்களின் அற்புதச் செயல்கள்மீது மக்களுக்கு நம்பிக்கை இருந்தது. பிரெஞ்சுக்காரரின் ஆற்றல் அதனினும் பெரியது என்று காட்டுவதற்காக, ஓய்விலிருந்த ஹூடினை 1856-இல் அரசு அங்கு அனுப்பியது.

அல்ஜியர்ஸ் அரங்கில் பழங்குடித் தலைவர்கள் கூடியிருந்தனர். உடல்வலிமை மிக்க ஒருவரை ஹூடின் மேடைக்கு அழைத்தார். முதலில் அவர் பெட்டியைத் தூக்கிவிட்டார். பின்னர் அவருடைய வலிமையைப் பறித்துவிட்டதாக ஹூடின் அறிவித்தார். அதாவது, இங்கே பெட்டி கனக்கவில்லை, மனிதர் பலவீனமானார். அவர் மீண்டும் முயன்றபோது கைப்பிடி வழியாக மின்னதிர்ச்சியும் தரப்பட்டது. முழந்தாளிட்டு விழுந்த அவர், முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். அடுத்து, கூட்டத்திலிருந்த ஓர் இளைஞரை மேசைமேல் நிறுத்தி மறையச் செய்ததும், பார்வையாளர்கள் அஞ்சி வாயிலை நோக்கி ஓடினர்.

பிறகு நடந்தவை

தாம் செய்தவை வெறும் கைத்திறனும் கருவிகளும் சார்ந்தவை என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் பின்னர் விளக்கச் செய்ததாக ஹூடின் எழுதியுள்ளார். தலைவர்கள் அவருக்குப் பாராட்டு மடல் ஒன்றை அளித்தனர்.

இந்நிகழ்வுகளைப் பற்றிய விவரங்கள் பெரும்பாலும் 1858-இல் வெளிவந்த ஹூடினின் தன்வரலாற்று நூலிலிருந்தே கிடைக்கின்றன. அச்சமும் வியப்பும் அதில் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். மேடையில் விழுந்தவர் என்ன உணர்ந்தார் என்பது, அவரை விழச் செய்தவரின் சொற்கள் வழியாகவே இன்று தெரியவருகிறது.