ஐயத்தின் வழியே விசுவாசம்: ஏ. ஜி. ஹாக் விட்டுச்சென்ற ஒரு வேறுபாடு

பிற சமயங்களை ஆழ்ந்து கற்பவன் தன் விசுவாசத்தை இழந்துவிடுவானோ என்னும் அச்சம் நம் சபைகளுக்குப் புதியதன்று. இறையியல் கற்கப் புறப்படும் பிள்ளையைப் பெற்றோரும் சபையாரும் ஜெபத்தோடு வழியனுப்புகின்றனர். எனினும் அந்த ஜெபத்துக்குள் ஓர் அச்சமும் உறைந்திருக்கிறது. வகுப்பறையில் எழும் ஐயத்தை வெளியே சொல்லாமல் விழுங்கிவிட்டுப் பிரசங்க பீடத்தில் ஏறும் மாணவரும் உளர். இவ்விரு சாராருக்கும் பயன்படக்கூடிய ஒரு வரலாறு நம் மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஆல்ஃபிரெட் ஜார்ஜ் ஹாக் (1875–1954) என்பவரின் வரலாறே அது.

1. ஐயத்தில் தொடங்கிய பயணம்

எகிப்தில் அருட்பணியாற்றிய ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் ஹாக் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றபின் திருச்சபைப் பணியை நாடி இறையியல் கல்வியில் சேர்ந்தார். ஆனால் இளமையில் கற்ற கோட்பாடுகள் அங்கே ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நம்பாததை நம்புவதாகச் சொல்லிக் குருத்துவம் பெற அவர் மனச்சான்று இடங்கொடுக்கவில்லை. எனவே அக்கல்வியை இடையிலேயே விட்டு விலகினார்.

டேவிட் கெய்ர்ன்ஸ் போன்ற நண்பர்களின் துணையாலும், ரிட்சல், ஹெர்மன் ஆகிய ஜெர்மானிய இறையியலாளர்களின் சிந்தனையாலும் அவர் மெல்ல மீண்டார். ஆயினும் மீண்டு வந்தவர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கோட்பாடுகள் தளர்ந்தபோதும் கடவுள்மீது கொண்ட சார்பு முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதை அவர் கண்டிருந்தார். விசுவாசம் என்பது கடவுளைப் பற்றிக்கொள்ளும் உள்ளத்தின் செயல். விசுவாசக் கோட்பாடுகளோ அச்செயலுக்கு அறிவு தரும் விளக்கங்கள். விளக்கம் மாறலாம், குறைபடலாம், திருத்தப்படலாம். அதனால் பற்று பொய்யாகிவிடாது. அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதும் இவ்வேறுபாட்டின்மேல்தான் எழுந்தது.

2. சென்னை வகுப்பறை

1903ஆம் ஆண்டு ஹாக் சென்னைக்கு வந்தார். அப்போது அவர் குருப்பட்டம் பெறாத தத்துவ ஆசிரியர். அப்பட்டம் பின்னரே வந்தது. வில்லியம் மில்லர் முதல்வராயிருந்த அக்கல்லூரியின் மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஐயத்தின் வேதனையை அறிந்த ஆசிரியர், மாணவரின் நேர்மையான மறுப்பைக் கண்டு சினங்கொள்ளவில்லை.

அவ்வகுப்பறையிலிருந்து எழுந்த ஆய்வே கல்லூரி இதழில் கட்டுரைகளாக வெளிவந்து, 1909இல் 'கர்மாவும் மீட்பும்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாயிற்று. வினைக்கொள்கையை எள்ளி நகையாடுவது அதன் நோக்கமன்று. உலகம் நீதியற்றதன்று என்னும் ஆழ்ந்த உறுதி அக்கொள்கையின் உள்ளே இருப்பதை ஹாக் மதித்தார். அவர் எழுப்பிய வினா வேறு. அவரவர் துன்பம் அவரவர் வினைக்குச் சரியாக நிறுத்தளந்த கூலி என்றால், ஒருவர் சுமையை மற்றொருவர் அன்பினால் சுமப்பதற்கு அவ்வுலகில் இடமுண்டா? வழக்குமன்றத்தின் ஒழுங்கும் அன்பின் ஒழுங்கும் ஒன்றாகுமா?

இவ்வினாவை அவர் இந்து மாணவர்முன் மட்டும் வைத்துவிட்டு நிறுத்தவில்லை. சிலுவையைத் தண்டனைக் கணக்கின் தீர்வாக மட்டும் விளக்கிவந்த கிறிஸ்தவ இறையியலும் அதே வழக்குமன்ற மொழியில் சிக்குண்டிருப்பதைச் சுட்டினார். அடுத்தவரின் சமயத்தை நேர்மையோடு கற்றவர் தம் சமயத்தின் பழுதையும் கண்டுகொண்டார் என்பது இங்கே கருதத்தக்கது.

அக்காலத்து மாணவர்களுள் ஒருவர் திருத்தணியில் பிறந்த ச. இராதாகிருஷ்ணன். கிறிஸ்தவ ஆசிரியர்களின் திறனாய்வே தம்மை இந்து சமயத்தை ஊன்றிக் கற்கத் தூண்டியது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து அவர் எழுதிய முதுகலை ஆய்வு 1908இல் நூலாக வெளிவந்தது. தம் கருத்துக்கு மாறான அவ்வாய்வை ஹாக் பாராட்டினார். மாணவன் தன் சமயத்தைவிட்டு விலகவில்லை. ஆசிரியர் தம் விசுவாசத்தைவிட்டு விலகவில்லை. எனினும் இருவரும் தத்தம் சமயத்தை முன்னிலும் ஆழமாகக் கற்றனர்.

3. நிறைவேற்றமா, மாறுபாடா?

இந்து சமயத்தின் தேடல்கள் யாவும் கிறிஸ்துவில் நிறைவேறுகின்றன என்னும் கருத்து அந்நாளில் பரவி வந்தது. ஜே. என். ஃபார்குவார் 1913இல் வெளியிட்ட 'இந்து சமயத்தின் மகுடம்' என்னும் பொருள்படும் நூல் அதன் சிறந்த விளக்கமாகும். பரிவுள்ள இக்கருத்தை ஹாக் ஏற்கவில்லை. பிறவிச் சுழலிலிருந்து விடுதலை நாடுபவருக்கு, அவர் கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு, 'நீர் தேடியது இதுவே' என்று கூறுதல் நேர்மையாகாது என்றார். கிறிஸ்து பழைய பசியைத் தீர்ப்பதற்குமுன் புதியதொரு பசியை எழுப்புகிறார் என்பதே அவர் துணிபு. பிற சமயத்தை நம் சமயத்தின் முன்னுரையாகச் சுருக்கிவிடாமல், அதன் சொந்தக் குரலில் கேட்க வேண்டும் என்னும் ஒழுங்கு இதில் அடங்கியுள்ளது.

4. தாம்பரம், 1938

ஹாக் 1928 முதல் 1938 வரை கல்லூரியின் முதல்வராயிருந்தார். அக்காலத்தில், 1937இல், கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அப்புதிய வளாகத்தில் 1938 டிசம்பரில் உலக அருட்பணி மாநாடு கூடியது. அதற்கென ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கடவுளின் வெளிப்பாட்டுக்கும் மனிதரின் சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டது. கிரேமர் பிற சமயங்களை அறியாதவரல்லர். இந்தோனேசியாவில் பணியாற்றியவர், லெய்டன் பல்கலைக்கழகத்தில் சமய வரலாற்றுப் பேராசிரியர். ஜெர்மனியில் அரசே கடவுளின் இடத்தைக் கோரிய நாள்களில் அவர் குரலுக்குத் தனித்த வலிமையும் இருந்தது.

இந்து குடும்பங்களில் பிறந்து கிறிஸ்துவை ஏற்ற வெ. சக்கரை, பி. செஞ்சையா முதலியோர் இந்தியாவின் அனுபவத்தை முன்வைத்து அவருக்கு மறுப்பெழுதினர். ஹாக்கின் மறுப்போ தம் பழைய வேறுபாட்டிலிருந்து பிறந்தது. கிறிஸ்தவமல்லாத சமயக் கோட்பாடுகள் வேறு; கிறிஸ்தவரல்லாதவரின் விசுவாசம் வேறு. கோட்பாட்டில் நாம் முரண்படலாம், முரண்படவும் வேண்டும். ஆனால் கடவுளோடு மறைந்த உறவில் வாழும் ஓர் இந்துவைச் சந்திக்கும்போது, அதை வெறும் மனித முயற்சியென்று தள்ள நமக்கு உரிமை உண்டா என்று அவர் வினவினார். தம் கோட்பாடுகள் தளர்ந்த காலத்திலும் கடவுள் தம்மைக் கைவிடவில்லை என்று அறிந்த ஒருவரிடமிருந்து இவ்வினா எழுந்தது வியப்பன்று.

5. நமக்குரிய பாடம்

ஹாக்கின் பணிக்கு எல்லைகள் உண்டு. அவரோடு உரையாடியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற கல்லூரி மாணவர்கள். சேரியின் குரல் அவ்வகுப்பறையில் ஒலித்ததாகக் கூறவியலாது. எனினும் அவர் எழுப்பிய வினா அங்கேதான் மிகக் கூர்மை பெறுகிறது. 'உன் பிறப்பு உன் முன்வினை' என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்தவருக்கு, துன்பம் குற்றத்தின் அளவுகோலன்று என்னும் செய்தி தத்துவ நுணுக்கமன்று, விடுதலையின் செய்தி. யோபு தம் நண்பர்களோடு வழக்காடியதும், பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர் கேட்ட வினாவை ஆண்டவர் மறுத்ததும் இதன்பொருட்டன்றோ?

ஐயம் விசுவாசத்தின் பகையென்று நாம் எளிதில் முடிவுகட்டுகிறோம். ஹாக்கின் வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது. தம் ஐயத்தை மறைக்காதவரே பிறர் விசுவாசத்தை மதிக்கக் கற்றுக்கொண்டார். எனவே ஐயத்தோடு வரும் மாணவனிடம், 'எக்கோட்பாடு தளர்ந்தது?' என்று கேட்பதற்குமுன், 'இன்னும் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறாய்?' என்று கேட்கும் ஆசிரியர்களும் ஆயர்களும் நம் சபைகளுக்குத் தேவை. அவ்வினாவுக்கு அவன் விடைதேடும் வேளையில் அவனருகே பொறுமையோடு அமர்ந்திருப்பதும் திருப்பணியே ஆகும்.