பம்பரபொட்டுவையின் கறுப்புக் கல்

கஹவத்தை, பலாங்கொடை, இரத்தினபுரிப் பக்கத்துக் குழிகளில் இறங்கியவர்கள் தேடியது நீலக்கல்லையும் சிவப்புக்கல்லையும்தான். ‘இல்லம்’ எனப்படும் சரளை மண்ணைக் கூடையில் சுற்றிச் சுற்றி அலசினால் மண் கரைந்தோடும், கனமானவை அடியில் தங்கும். 1904ஆம் ஆண்டையொட்டி, பம்பரபொட்டுவைப் பகுதியில் அப்படித் தங்கியவற்றுள் கன்னங்கரேலென்ற சிறு கனசதுரங்கள் கிடந்தன. அளவுக்கு மிஞ்சிய பாரம். மோதிரத்துக்கு ஆகாத அந்தக் கற்கள், ஆகவேண்டிய ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அவர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன். பின்னாளில் நடராசர் வடிவத்தை உலகுக்கு விளக்கிய அதே அறிஞர். அப்போது முப்பது வயதுகூட நிரம்பாத அவர்தான் இலங்கைக் கனிம ஆய்வின் இயக்குநர். அந்தக் கல் யுரேனியத் தாது என்றே முதலில் எண்ணப்பட்டது. லண்டனில் வேதியியலாளர் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோதோ, நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஆக்சைடு! காஸ் விளக்கு மாண்டிலுக்கு உலகமே தேடிய பொருள். ‘தோரியனைட்’ என்ற பெயரோடு கல் கப்பலேறியது. பெரிய ரகசியம் இன்னும் உள்ளேயே இருந்தது.

அதே ஆண்டு ஆங்கிலம் பழக லண்டன் வந்தார் ஓட்டோ ஹான் என்ற 25 வயது ஜெர்மானியர். அங்கே வேதியியலாளர் வில்லியம் ராம்சே அவரிடம் சுமார் 100 கிராம் பேரியம் உப்பைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். ரேடியம் பற்றி ஒன்றும் தெரியாது என்றார் ஹான். அதுவே நல்லது என்றார் ராம்சே. உப்பு வந்தது இலங்கைத் தோரியனைட்டிலிருந்து. ரேடியத்தோடு வேறொன்றும் பிரிந்து வந்தது. ரேடியத்தின் வாயு நாள்கணக்கில் நிலைக்கும். இதன் வாயுவோ ஒரு நிமிடத்துக்குள் பாதியாய்க் குறைந்தது. தோரியத்தின் சாயல், ஆனால் தோரியத்தை எங்கோ பின்தள்ளிய வீரியம். 1905இல் ‘ரேடியோதோரியம்’ என்று அறிவித்தார். அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட் அதை முட்டாள்தனம் என்றே மொன்றியலில் இருந்த இயற்பியலாளர் ரதர்ஃபோர்டுக்கு எழுதினார். ஹான் மொன்றியலுக்கே கப்பலேறி, ரதர்ஃபோர்டின் ஆய்வுகூடத்தில் நின்று மெய்ப்பித்தார். இந்தக் கட்டத்தில், கல் கிடைத்த சபரகமுவையின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1907இல் இன்னொரு திருப்பம். தோரியத்துக்கும் ரேடியோதோரியத்துக்கும் நடுவே ‘மீசோதோரியம்’ இருப்பதையும் ஹானே கண்டார். இன்றைய பெயரில் அது ரேடியம்-228. அதன் வழிவந்த ரேடியோதோரியம், தோரியம்-228. இரண்டுக்கும் குணம் நேரெதிர். அந்த முரண்தான் கதையைக் கடலுக்கு இழுத்தது.

ரேடியம் கடல்நீரில் கரையும். தோரியம் கரையாது, பிறந்ததுமே மிதக்கும் வண்டல் துகளைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கும். ஆகவே புதுச் சேற்றில் தோரியம்-228 உபரியாக இருக்கும். புதைந்தபின் அந்த உபரி 1.9 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் சேற்றின் வயது தெரிந்துவிடும்! 1973இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கொய்டே, புரூலண்ட், கோல்ட்பெர்க் மூவரும் இதையும் ஈயம்-210ஐயும் வைத்துப் படிவுகளுக்கு வயது கணித்தார்கள்.

கடற்கரையோரச் சேறு படியும் வேகத்தை அளப்பவர்கள் இன்று வழக்கமாகக் கையாளும் கருவிகளுள் ஒன்று இப்படிப் பிறந்ததுதான். நூறாண்டுப் படிவுக்கு ஈயம்-210 போதும். ஏழெட்டு ஆண்டுகளுக்குள் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்குத் தோரியம்-228 வேண்டும். மேற்சேற்றைப் புழுக்கள் கிளறிக் கலந்திருந்தால், அதையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.