தோடர் மொழி ஏட்டில் ஏறிய வரலாறு

நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழும் தோடர்களின் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. அது ஏட்டில் ஏறியதெல்லாம் வெளியாரின் காதுவழியாகத்தான். 1603இல் மலையேறிய இயேசு சபைப் பாதிரியார் ஃபினிசியோவின் அறிக்கையே ஐரோப்பியரிடமிருந்து கிடைக்கும் முதல் குறிப்பு. ஆனால் மொழியை ஆராய்வது அவர் நோக்கமன்று. 1832இல் லண்டனில் வெளியான கேப்டன் ஹென்றி ஹார்க்னஸின் நூல் தோடர்களின் வழக்கங்களை விரிவாகச் சொன்னது. அதிலும் மொழி ஓரமாகவே நின்றது.

முறையான முயற்சி பாசல் மிஷனோடு தொடங்குகிறது. கேத்தியை மையமாகக் கொண்டு 1840களில் அந்த மிஷன் மலையில் வேரூன்றியது. அமெரிக்கக் கண்டத்திலும் அப்போது பாதிரியார்கள் மொழியை ஏட்டில் ஏற்றும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது: மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ மொழிக்குப் பாதிரியார் அலெக்சாண்டர் ஹெண்டர்சன் எழுதிய இலக்கணம் 1846இல் நியூயார்க்கில் அச்சானது. எழுத்தில்லாத மொழிகளுக்கு வேதம் சொல்லப் போனவர்களே அவற்றின் முதல் சொற்பட்டியலையும் இலக்கணத்தையும் எழுதும்படி ஆயிற்று. நீலகிரியில் அவ்வேலை பாசல் மிஷனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் மெட்ஸின் தோளில் விழுந்தது. அவர் தொகுத்த தோடர் சொற்பட்டியல் 1857இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வெளிவந்தது.

மெட்ஸ் கொடுத்த சொற்களையும் வாக்கியங்களையும் வைத்தே ஜி. யு. போப் ஒரு சுருக்க இலக்கணம் எழுதினார். அது 1873இல் வெளியான வில்லியம் மார்ஷலின் நூலில் பின்னிணைப்பாக இடம்பெற்றது. தமிழில் ஆழ்ந்த புலமை கொண்ட போப், இம்மொழி பழங்கன்னடத்திலிருந்து வந்தது என்று கருதினார். முடிவு பிழையானது, ஆனால் பிழைக்குக் காரணம் கவனக்குறைவன்று. மலையில் பிறரோடு பேசத் தோடர்களுக்குப் பொதுமொழியாக இருந்தது படகம்; கன்னடத்துக்கு நெருங்கிய உறவான அந்த மொழி வழியாக வந்த சேதியில் கன்னடச் சாயல் படிவது இயல்பே.

ஒலிகள் இன்னும் பெரிய தடை. தமிழின் ‘கல்’ தோடர் மொழியில் ‘கஸ்’ என்பதுபோல ஒலிக்கும். ‘பால்’ என்பது ‘போஸ்’ ஆகும். ‘ஆள்’ என்பதற்கு உறவான சொல்லே தோடர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ஆனால் அதன் இறுதியில் வருவது குரல் அதிராமல் காற்றை உரசவிட்டு எழுப்பும் ஓர் ஒலி. ரோமன் எழுத்தோ கன்னட எழுத்தோ இதைத் தாங்காது. எழுதும்போதே வேறுபாடுகள் கரைந்துபோன பட்டியலை வைத்து உறவுமொழிகளோடு ஒப்பிடுவது எளிதன்று.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸின் ‘தோடர்கள்’ (1906) பால்மனைச் சடங்குகளையும், வழிபாட்டில் மட்டும் ஒலிக்கும் புனிதப் பெயர்களான ‘க்வர்ஜம்’ சொற்களையும் செழுமையாகப் பதிவுசெய்தது. மொழியைப் பொறுத்தவரை அவர் பயன்படுத்திய எழுத்துமுறை போதவில்லை. இந்திய மொழியளவையின் திராவிடத் தொகுதியும் (1906) சென்னை மாகாணத்தில் களப்பணி செய்யாமல் பழைய தரவுகளையே நம்பியது.

திருப்பம் 1935இல் வந்தது. மொழியியலாளர் மரே எமனோ அன்று தொடங்கி 1938 வரை இந்தியாவில் தங்கி, ஒலி ஒலியாகக் கேட்டு எழுதினார். 1957இல் அவர் எழுதிய கட்டுரை தோடர் மொழியைத் தென்திராவிடக் கிளையில் நிறுத்தியது. ‘தோடர் பாடல்கள்’ 1971இலும், இலக்கணமும் உரைப்பகுதிகளும் அடங்கிய நூல் 1984இலும் வந்தன. களப்பணிக்கும் இலக்கண நூலுக்கும் இடையில் ஏறக்குறைய 50 ஆண்டுகள். அதற்குள் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எஸ். சக்திவேலின் ஒலியனியல் ஆய்வை 1976இலும் இலக்கணத்தை 1977இலும் வெளியிட்டிருந்தது. 1990களில் பீட்டர் லேடிஃபோகட், பெரி பாஸ்கரராவ் ஆகியோரின் கருவிவழி ஆய்வு, நாக்கு அதிர்ந்து எழும் ரகர வகைகள் இம்மொழியில் ஆறு என்று காட்டியது.

மெட்ஸின் பட்டியலையும் போப்பின் சுருக்கத்தையும் இன்று மொழிக்கான சான்றாக அப்படியே எடுத்தாளக் கூடாது. எமனோவின் பதிவோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்.