தமுக்கம்: கோடை மாளிகை கண்ட மூன்று காலங்கள்

போடிமெட்டுச் சரிவில் ஏலச்செடிகளை நனைத்துவிட்டு இறங்கும் மழைநீர், கொட்டகுடி ஆறாகிப் போடிநாயக்கனூரைக் கடந்து வையையோடு கலக்கிறது. அந்த வையையின் வடகரையில், மதுரையில், நிற்பது தமுக்கம் மாளிகை. போடி, மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட பாளையமாக விளங்கிய ஊர். ஆகவே நீரால் மட்டுமன்றி வரலாற்றாலும் இம்மலைச்சரிவுக்கும் அம்மாளிகைக்கும் உறவுண்டு.

பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த இம்மாளிகையை அரசி மங்கம்மாளின் பெயரோடு இணைத்தே மக்கள் வழங்குவர். பேரன் விசயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்தியவர் அவர். ஊரின் நெரிசலுக்கு அப்பால், தோட்டத்தின் நடுவே, உயர்ந்த மேடைமீது வளைவுகளோடும் குவிமாடத்தோடும் அமைந்த கோடை மாளிகை இது. முன்னிருந்த திறந்தவெளியில் யானைப்போர் முதலியன நிகழ, அரச குடும்பத்தார் மேலிருந்து கண்டு களித்தனர் என்பது செவிவழிச் செய்தி.

நாயக்கர் ஆட்சி மறைந்தபின் மாளிகை கருநாடக நவாபின் கைக்கும், பிறகு ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. களிப்புக்கு எழுந்த மாடம் மாவட்ட ஆட்சியரின் குடியிருப்பாயிற்று. அழகின் வீழ்ச்சி என்று இதனைக் கவிஞர் வருந்தக்கூடும். ஆயின் எதிர்ப்பக்கமும் உண்டு. திருமலை நாயக்கர் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது; எஞ்சிய பகுதி, பழுதுபார்க்கப்பட்டு நீதிமன்றமாகப் பயன்பட்டதால் நிலைத்தது. பயனற்ற மண்டபம் கல்லுக்கும் மரத்துக்கும் சுரங்கமாகிவிடும். ஆள் குடியிருந்த கூரையே மழைக்குத் தாங்கும். அந்தக் காப்புக்கு விலையும் உண்டு. நாயக்கர் காலத்துச் சுவர் எது, பின்வந்தோர் சேர்த்தது எது எனப் பிரித்தறிவது இன்று எளிதன்று.

1955-இல் அரசு இம்மாளிகையையும் சுமார் 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். 1948-இல் காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதிக்கறை படிந்த ஆடை இங்குப் போற்றப்படுகிறது. உழவரின் வறுமை கண்டு அவர் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடை பூண்டதும் இதே மதுரையில்தான்.

பட்டும் பொன்னும் அணிந்தோர் களித்த மாடத்தில் இன்று மக்கள் குரல் தாழ்த்தி நடப்பது ஓர் எளியவரின் ஆடைக்காக. கட்டடத்துக்குப் பொருள் தருவது கட்டியவர் மட்டும் அல்லர். பின்வருவோர் அதனுள் எதை வைக்கிறார்களோ, அதுவும் பொருள் தருகிறது. சொல்லுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை எழுதுவோர் அறிவர்.