துணி உதறிய தெரு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில் மினரல் பாயின்ட் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. அங்குள்ள ஒரு தெருவுக்கு ‘ஷேக் ராக்’ என்று பெயர்; துணியை உதறு என்று பொருள். மதியச் சாப்பாடு தயாரானதும் பெண்கள் வாசலில் நின்று துணியை உதறிக் காட்டுவார்களாம். எதிர்க்குன்றின் சுரங்கத்தில் வேலை செய்யும் ஆண்கள் அதைப் பார்த்து இறங்கி வருவார்களாம். செவிவழிக் கதைதான். ஆனாலும் இந்த ஊரின் வரலாற்றைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

அந்த மண்ணுக்கு அடியில் காரீயம் இருந்தது. ஹோ-சங்க் பழங்குடியினர் அதை நெடுங்காலமாகத் தோண்டி வந்தார்கள். 1820-களின் இறுதியில் வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்தனர். வீடு கட்டக்கூட நேரமில்லாமல் குன்றின் சரிவைக் குடைந்து அதற்குள்ளேயே தங்கினார்கள் சிலர். வளை தோண்டி வாழும் விலங்கான ‘பேட்ஜர்’ என்ற பட்டப்பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் மாநிலத்துக்கே அதுதான் செல்லப்பெயர். 1836 ஜூலை 4 அன்று விஸ்கான்சின் பிரதேசத்தின் முதல் ஆளுநராக ஹென்றி டாட்ஜ் பதவியேற்றதும் இதே ஊரில்தான்.

1830-களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். பாறையை உடைக்கவும் தெரியும், கல்லை அடுக்கி வீடு கட்டவும் தெரியும். சுண்ணாம்புக்கல்லில் சின்னச் சின்ன வீடுகள் எழுந்தன. கூடவே அவர்களுடைய பேஸ்டியும் வந்தது. பெரிய சோமாசியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: உள்ளே பூரணத்துக்குப் பதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். சுரங்கத்துக்குள் கையில் பிடித்தே சாப்பிட்டுவிடலாம்.

1849-ல் கலிஃபோர்னியாவின் தங்கம் அழைத்தபோது பலர் கிளம்பிவிட்டார்கள். பிறகு துத்தநாகம் ஊரைக் காப்பாற்றியது. 1920-களின் முடிவில் அதுவும் ஓய்ந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வேறு. பழைய கல்வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டன.

அப்போதுதான் அந்த இருவர் வருகிறார்கள். உள்ளூர்க்காரரான ராபர்ட் நீல், ஸ்டோட்டன் ஊரைச் சேர்ந்த எட்கர் ஹெல்லம். வாழ்க்கையிலும் இணையர். 1935-ல் ஷேக் ராக் தெருவில் சிதைந்து கிடந்த ஒரு வீட்டை வாங்கிச் சீரமைத்து, கார்ன்வாலின் ஒரு கிராமப் பெயரை ஒட்டிப் ‘பென்டார்விஸ்’ என்று பெயரிட்டார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் தேசியச் சட்டம் வந்தது 1966-ல்தான். அன்று கைகொடுக்க யார் இருந்தார்கள்? அந்த வீட்டிலேயே உணவகம் திறந்தார்கள். முதலில் தேநீரும் குங்குமப்பூ கேக்கும், பிறகு பேஸ்டி. முன்பதிவு செய்தவர்களுக்கே இடம். வந்த வருமானம் அடுத்தடுத்த வீடுகளின் கூரையாகவும் சுவராகவும் மாறியது. பக்கத்தில் பால்பெரோ, டிரிலானி என்ற வீடுகளும் பிழைத்தன. மீட்பு வரலாறுகளில் இவ்வளவு நேரடியாகச் சமையலறையிலிருந்து புறப்பட்டவை அபூர்வம்.

1970-ல் அவர்கள் ஓய்வுபெற, பென்டார்விஸ் மாநில வரலாற்றுச் சங்கத்தின் கைக்கு வந்தது. 1971-ல் ஊரின் பழைய பகுதி, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் விஸ்கான்சினின் முதல் வரலாற்று வட்டாரமாக இடம்பெற்றது.

ஊர்க்காரர்கள் இன்றும் பேஸ்டியை விடவில்லை. அதைத் தொடர்ந்து ‘ஃபிகிஹாபின்’ வரும்: உலர்திராட்சையும் வால்நட்டும் வைத்துச் சுருட்டிச் சுட்டு, மேலே சூடான கேரமல் பாகு ஊற்றிய இனிப்பு.